மார்லீனின் வில்லுக்கு வெர்ன் அடித்த பெயிண்ட்

வெர்ன் டுபேயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டாவது வார்த்தையிலேயே எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆள் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்குக் கொஞ்சமாவது சாமர்த்தியம் வேண்டும், அது இவனிடம் கிடையாது. ஐம்பத்தொரு வயது. குளிர்காலத்தில் சாலைத் துறையின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுவான். கோடையில் அதே சாலைகளில் குழி அடைக்கிறேன் என்று மண்வாரியில் சாய்ந்து நிற்பான். வருஷத்தில் பதினோரு மாதம் மானைப் பற்றிப் பேசுவான், ஒரு மாதம் மானைத் தவறவிடுவான்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் மான் அறுத்துக் கொடுப்பவள். டோரன் ஏரிச் சாலையில் வீட்டுக்குப் பின்னால் என் கொட்டகை இருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் முடிய, மிஷிகனின் இந்த வடக்கு மூலையில் யார் மான் அடித்தாலும் பெரும்பாலும் என் கொக்கியில்தான் வந்து தொங்கும். தோலை உரித்து, தொடை வேறு முதுகுக்கறி வேறாகப் பிரித்து, மிச்சத்தைப் பன்றிக்கொழுப்பு சேர்த்து அரைத்து, வெள்ளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். என் புருஷன் ஹெர்ப் போன பிறகும் விடாமல், மொத்தம் இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன்.

இந்தத் தொழிலில் ஒரு சௌகரியம், யார் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை. வெர்ன் ஒவ்வொரு வருஷமும் வண்டியை விட்டு இறங்கும்போதே, "நெஞ்சுல வாங்குச்சு ஐரீன், நின்ன எடத்துலயே சுருண்டுடுச்சு" என்பான். தோலை உரித்தால் அம்பு பின்தொடையில் புகுந்து குடலைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். அந்தப் பாவப்பட்ட பிராணி அரை மைல் ஓடி, ராத்திரி முழுக்கக் கிடந்து செத்திருக்கும். கறியில் கால்வாசியை நாற்றம் தாங்காமல் நான் வெட்டி எறிவேன். அவனிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் காற்று, மரக்கிளை, அம்பு செய்த கம்பெனி என்று அரைமணி நேரம் காரணம் கேட்க வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

இங்கே ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. வேட்டை லைசென்ஸோடு ஒரு சீட்டு தருவார்கள். அடித்த மானின் கொம்பிலோ காதிலோ அந்தச் சீட்டைக் கட்ட வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு மான். தன் சீட்டு தீர்ந்த பிறகு கை சும்மா இருக்காத ஆண்பிள்ளைகள், வீட்டுக்காரி பேரிலும் ஒரு லைசென்ஸ் வாங்கித் தங்கள் பர்ஸில் சொருகிக்கொள்வார்கள். அவள் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள், காட்டில் அவள் பேரில் மான் விழும். சட்டப்படி குற்றம்தான். ஆனால் பாதி ஊர் செய்கிற குற்றத்தை இங்கே யாரும் குற்றம் என்று சொல்வதில்லை.

என் கொட்டகையில் ஒரு நோட்டு இருக்கிறது. வருகிற ஒவ்வொரு மானுக்கும் தேதி, பெயர், சீட்டு எண் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டின்படி, வெர்னின் மனைவி மார்லீன் டுபே பதினான்கு வருஷத்தில் பதினான்கு மான் அடித்திருக்கிறாள். அந்தப் பதினான்கு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் ஏறியதில்லை. ஊர் மது பாரில் இது பெரிய வேடிக்கை. "மார்லீன் இந்த வருஷமும் அடிச்சிட்டாளாமே" என்று எவனாவது ஆரம்பிப்பான், வெர்ன் பீர் கிளாஸைத் தூக்கிக் காட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள். மார்லீன் பக்கத்தில் இருந்தால் தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் வெர்னைவிட இரண்டு விரல் உயரம். முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் ஏற்றமாக இருக்கும். பேச்சு குறைவு. எட்டு வருஷமாகக் குளிர்காலத்துச் செவ்வாய்க்கிழமைகளில் வேட்டைச் சங்கத்தின் கூடத்துக்குப் போய், பெண்கள் அணியில் ரப்பர் மான்களை எய்து வந்தாள். வெர்ன் அதைப் பொம்மை விளையாட்டு என்பான். இந்தக் கதை நடந்த வருஷம் பிப்ரவரியில் அவள் முதலாவதாக வந்தாள். சங்கம் ஒரு புது வில்லைப் பரிசாகக் கொடுத்தது. இரண்டு முனையிலும் கப்பி வைத்த, இந்தக் காலத்து வில். பழுத்த செர்ரியின் கருஞ்சிவப்பு. விளக்கடியில் பிடித்தால் மினுமினுக்கும்.

அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். அவளுடைய கார் அக்கா ஓட்டிப் போட்டது, குளிர்கோட்டு தேவாலய விற்பனையில் எடுத்தது, கல்யாண மோதிரம் வெர்னின் அம்மாவுடையது. "யாரும் தொடாத ஒரு சாமான் எனக்குன்னு வந்தது இதுதான் ஐரீன்" என்றாள். என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டேன்.

ஆகஸ்டில் லைசென்ஸை அவளே போய் வாங்கினாள். சீட்டைத் தன் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்து, இந்த வருஷம் என் சீட்டு எனக்கு, நானே போகப்போகிறேன் என்று வெர்னிடம் சொல்லிவிட்டாள். தன் வில், தன் சீட்டு, பரணில் ஒரு மாலை. அவள் கேட்டது அவ்வளவுதான். வெர்ன் அதை பாரில் வந்து சொல்லிச் சிரித்தான். அந்தச் சிவப்பு வில்லோடு போனால் கிறிஸ்துமஸ் தாத்தா வந்துவிட்டார் என்று மான்கள் வரிசையில் வந்து நிற்குமாம்.

வில் வேட்டை அக்டோபர் ஒன்றாம் தேதி தொடங்கும். அதற்குப் பத்து நாள் முன்னால் வெர்ன் தன் வில்லை வண்டியின் பின் சக்கரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி குடித்தான். குடித்து முடித்து வண்டியைப் பின்னால் எடுத்தான். சத்தம் கேட்டதும் மரக்கட்டை என்று நினைத்து முன்னால் எடுத்து மறுபடி ஏற்றினான். பாரில் வந்து அவன் சொன்ன கதையில், வில்லின் மேல்தண்டு தயாரிப்புக் கோளாறால் தானாகவே பிளந்தது. டயர் தடம் தெளிவாகப் பதிந்த வில்லைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் சொன்னான்.

புது வில் வாங்க அவனுக்கு மனசு வராது. கஞ்சப்பயல். வீட்டில் ஒரு வில் சும்மா தொங்குகிறது என்பது நினைவுக்கு வந்தது. கை நீளமும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே குறை, அது சிவப்பாக இருந்தது.

இலை போட்ட துணி என்றால் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு பித்து. காட்டுக்குள் மறைந்து நிற்பதற்கென்று பச்சையும் பழுப்புமாய் இலை அச்சடித்த சட்டையைக் கல்யாணத்துக்குப் போடுவார்கள், சாவுக்கும் போடுவார்கள். வெர்ன் வீட்டுச் சோபாவுக்கே அந்தத் துணிதான். கடையில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளப் போவதுபோல் அந்தச் சட்டையோடு வந்து முட்டையும் சிகரெட்டும் வாங்குவான். மானுக்குச் சிவப்புக்கும் பழுப்புக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அதற்கு அசைவு தெரியும், அதைவிட வாடை தெரியும். ஆடாமல் உட்கார முடியாதவனுக்கு எத்தனை இலை போட்டாலும் ஒன்றுதான். வெர்னால் பிரசங்கம் முடியும் வரைக்கும்கூட ஆடாமல் உட்கார முடியாது.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை மார்லீனுக்குக் காலை வேலை. அவள் கார் சாலையில் திரும்பி மறைந்ததும் இவன் அவள் வில்லைச் சுவரிலிருந்து எடுத்துக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனான். பழுப்பும் கறுப்பும் ஸ்ப்ரே பெயிண்ட் மிச்சம் கிடந்தது. பச்சை மட்டும் ஒரு டப்பா புதிதாக வாங்கினான். நாணையும் கப்பியையும் ஒட்டுப்பட்டையால் சுற்றினான். அந்தப் பட்டை மார்லீன் வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்தது, புண்ணுக்குக் கட்டுவது. உப்புத்தாளால் செர்ரிச் சிவப்பைத் தேய்த்துவிட்டு, துணிக்கொடியில் வில்லைத் தொங்கவிட்டு, முழுக்கப் பழுப்பு அடித்தான். பிறகு நிஜ இலையை மேலே ஒட்டவைத்துப் பச்சையும் கறுப்பும் அடித்து, காய்ந்தபின் இலையை உரித்தால், இலையின் உருவம் அப்படியே பழுப்பாக நிற்கும். இது ஒன்றும் அவன் கண்டுபிடிப்பு இல்லை, காசில்லாத எல்லோரும் செய்வதுதான்.

இலைக்கு அவன் தூரமாகப் போகவில்லை. களஞ்சியத்துப் பின்வேலியில் ஒரு கொடி படர்ந்திருந்தது. ஒரு காம்புக்கு மூன்று இலை, இலையுதிர்காலத்துக்கு லேசாகச் சிவந்து, பார்க்க லட்சணமாக இருந்தது. கை நிறையப் பறித்து வந்தான். இலை ஒட்டுவதற்காகப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் நன்றாக நசுக்கித் தேய்த்து, வில்லின் இரண்டு தண்டிலும் பிடியிலும் பதித்தான். நடுநடுவே மூக்கைச் சொறிந்திருப்பான், வேறெங்கேயும் சொறிந்திருப்பான், அது எனக்குத் தெரியாது.

மறுநாள் தேவாலயம் முடிந்ததும் அவன் வண்டி என் முற்றத்தில் வந்து நின்றது. மார்லீன் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வெர்ன் வில்லைத் தோளுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"கடையில இப்படிப் போட்டுக் குடுக்க எறநூறு டாலர் கேப்பான். எனக்கு அஞ்சு டாலர்கூட ஆகல. பாரு, கையில வாங்கிப் பாரு."

நான் பார்த்தேன். என் கை நீளவில்லை. வில்லின் தலையிலிருந்து கால்வரை மூன்று மூன்றாக இலைகள். நடு இலைக்குக் காம்பு நீளம், பக்கத்து இலைகள் ஒரு பக்கம் மட்டும் பல் வைத்து, குளிர்கையுறையின் கட்டைவிரல்போல் புடைத்து. நாலு பேருக்குப் பாடம் நடத்தும் அளவுக்கு அச்சு அசலாக வந்திருந்தது. அது நச்சுக்கொடி. பட்ட இடமெல்லாம் இரண்டு நாளில் கொப்புளித்து நீர் வடியும். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் முன்பே தாய்மார்கள் காட்டிக் கொடுக்கிற செடி அது. நாற்பது வருஷமாகக் காட்டைக் கரைத்துக் குடித்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன் அதைக் கை நிறையப் பறித்து வில்லில் தேய்த்திருக்கிறான்.

"என்ன இலைடா இது?" என்று கேட்டேன்.

"பெட்டி எல்டர் கன்னு. வேலியோரம் மொளச்சிருக்கு. இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கணும் ஐரீன்."

பெட்டி எல்டர் மரத்தின் கன்றுக்கும் மூன்று இலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கன்று, தானாக நிற்கும். இது வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற கொடி. வாயைத் திறந்து சொல்லப்போனேன். அப்போது அவன் தோளுக்குப் பின்னால் மார்லீனைப் பார்த்தேன். வண்டிக் கண்ணாடிக்கு உள்ளிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மெல்ல, ஒரே ஒரு தடவை, வேண்டாம் என்பதுபோல் அசைத்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கையெல்லாம் கொழுப்பு, உன் பெயிண்ட் கெட்டுப்போகும் என்றேன். அவன் பெருமையாகத் திரும்பிப் போனான். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அன்று மாலையிலிருந்து அவன் வைக்கோல் கட்டை நிறுத்தி எய்யத் தொடங்கினான். முதலில் ஒரு திருகுச்சாவியால் வில்லின் விறைப்பை இரண்டு சுற்று ஏற்றினான், பெண்பிள்ளை வைத்த விறைப்பு அவனுக்குப் போதாதாம். வில்லை முழுக்க இழுத்தால் கை தாடையில் படும், நாண் மூக்கு நுனியிலும் உதட்டோரத்திலும் வந்து அழுந்தும். அப்படி ஒரு மாலைக்கு முப்பது தடவை. திங்கட்கிழமை சாயங்காலம் விரலிடுக்கில் அரிப்பு. செவ்வாய்க்கிழமை மூக்கு ஒரு கத்தரிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. மார்லீன் துணி துவைத்த சோப்பு சரியில்லை என்று அவளைத் திட்டினான். திட்டிவிட்டு, வேட்டைக்கு ஒரு நாள்தானே இருக்கிறது என்று மறுபடி போய் முப்பது அம்பு எய்தான்.

அக்டோபர் ஒன்று, புதன்கிழமை. ஊரெல்லாம் விடியுமுன் பரணில் ஏறியபோது, வெர்ன் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டு, உதடு புரண்டு, டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். இது நச்சுக்கொடி, எங்கே தொட்டாய் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். பரணுக்கு வழி வெட்டியபோது பட்டிருக்கும் என்று இவன் சொன்னான். ஊசி போட்டு, களிம்பு கொடுத்து, ஒரு வாரம் வெளியே போகாதே என்று அனுப்பினார். வில்லின் மேல் இவனுக்குச் சந்தேகமே வரவில்லை. படுக்கையில் கிடந்தபடி மார்லீனிடம் ஒரே ஒரு உத்தரவு போட்டான்: என் பரண் பக்கம் யாரும் போகக்கூடாது, வாடை பட்டால் மான் வராது.

அன்று மூன்று மணிக்கு மார்லீன் என் கொட்டகைக்கு வந்தாள். வில் ஒரு குப்பைப் பைக்குள் இருந்தது. நான் கறி வெட்டும்போது போடும் ரப்பர் கையுறைப் பெட்டியைக் கேட்டாள். வெளியே குழாயடியில் ஒரு பலகை போட்டு, கையுறையோடு, பாத்திரம் கழுவும் சோப்பும் பச்சைத் தண்ணீரும் வைத்து, மூன்று தடவை கையுறையை மாற்றி மாற்றி, அந்த வில்லை ஒரு பிணத்தைக் கழுவுவதுபோல் நிதானமாகக் கழுவினாள். நாணைத் துடைத்து மெழுகு போட்டாள். குறிபார்க்கும் ஐந்து முள்ளில் ஒன்றின் மேல் பெயிண்ட் அப்பிக்கிடந்தது, அதை நகவெட்டியின் முனையால் சுரண்டினாள். வெர்ன் ஏற்றிய இரண்டு சுற்றையும் இறக்கினாள்.

"ஞாயித்துக்கெழமையே உனக்குத் தெரியும்" என்றேன்.

"சனிக்கெழமையே தெரியும். வேலைய விட்டு வந்து பாத்தப்போ துணிக்கொடியில தொங்கிட்டு இருந்துச்சு. இன்னும் ஈரம்."

"சொல்லியிருக்கலாம்ல."

அவள் துணியைப் பிழிந்து பலகையில் விரித்தாள்.

"பெயிண்ட் அடிக்கறப்போ என்னைக் கேட்டானா? கேக்கல. அதான் நானும் சொல்லல."

நான் பெயிண்ட் நீக்கும் திராவகம் இருக்கிறது, அந்த அசிங்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அடியில் சிவப்பு இருந்தால்தானே எடுப்பதற்கு, அதைத்தான் உப்புத்தாளால் தேய்த்துவிட்டானே என்றாள். அப்போது மட்டும் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, கையுறை போட்ட கையால் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெர்னின் மூக்கை அந்த வீங்கிய நிலையிலேயே பிடித்துத் திருக வேண்டும் போலிருந்தது.

பிறகு என் தோட்டத்தில் பழைய மூட்டையை நிறுத்தி, குறிமுள்ளைச் சரிசெய்து, பன்னிரண்டு அம்பு எய்தாள். கடைசி நாலும் என் உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில் நின்றன.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேரே வெர்னின் பரணுக்குப் போனாள். இலைச்சட்டை போடவில்லை. அவள் அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டு, சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்டது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து ஏறி, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். போர்வைகள் உலரும்வரை நின்று பழகியவளுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. இருட்டுவதற்கு முன்னால் அவள் கார் என் முற்றத்துக்கு வந்தது. பின்னால் கொழுத்த பெட்டை மான் ஒன்று. காதில் சீட்டு கட்டியிருந்தது.

கொக்கியில் மாட்டித் தோலை உரித்தேன். விலாவில் ஒரு சின்ன ஓட்டை, மறுபக்கம் ஒரு சின்ன ஓட்டை, நடுவில் இரண்டு நுரையீரலும். அது இருபதடிகூட ஓடியிருக்காது. தொடையில், முதுகில், எங்கேயும் கன்றிய ரத்தம் இல்லை. வெட்டி எறிய ஒரு துண்டு இல்லை. இருபத்தாறு வருஷத்தில் இப்படி விழுந்த மானை ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம், அதில் டுபே என்ற பெயரில் ஒன்றுகூடக் கிடையாது.

இதற்குள் வெர்ன் வந்துவிட்டான். எவனோ அவள் காரைப் பார்த்துப் போன் போட்டிருக்கிறான். ஒரு கண் கொஞ்சம் திறந்திருந்தது. களிம்பு பூசிய முகத்தோடு, அந்த இலைச்சட்டையையும் போட்டுக்கொண்டு கதவில் நின்றான்.

"பொட்ட மானா? என் பரணுல ஏறி ஒரு பொட்ட மானுக்குச் சீட்ட வேஸ்ட் பண்ணிட்டியா? நவம்பர்ல கொம்பு மான் வந்தா நான் எந்தச் சீட்டக் கட்டறது?"

மார்லீன் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "உன் சீட்ட" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவன் பேசிக்கொண்டே போனான், பரண், வாடை, நன்றிகெட்டதனம், தான் பாடுபட்டு அடித்த பெயிண்ட். நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வில்லை எடுத்து அந்த ஒற்றைக் கண்ணுக்கு நேராக விளக்கடியில் பிடித்தேன்.

"டாக்டர் எங்க தொட்டேன்னு கேட்டாராமே. இந்தா பாரு. நீயே அழகா வரைஞ்சு வெச்சிருக்கே."

அவன் குனிந்து பார்த்தான். மூன்று இலை. மறுபடி மூன்று இலை. மூச்சு வாயால் விட்டுக்கொண்டு, அந்தக் கத்தரிக்காய் மூக்கை வில்லின் மேல் ஏறக்குறைய முட்டும்படி வைத்துப் பார்த்தான். விரலை நீட்டி, தொடுமுன் இழுத்துக்கொண்டான். நான் சிரித்தேன். அடக்கவே இல்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் திரும்பிப் போய் வண்டியில் ஏறினான். ஏறும்போது மடியில் அரிப்பு எடுத்ததையும் பார்த்தேன்.

நவம்பரில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். துப்பாக்கி வேட்டை தொடங்கி நாலாம் நாள், தன் சீட்டை முதல் மானுக்கே கட்டித் தீர்த்துவிட்ட வெர்ன் இரண்டாவது மானைக் கொண்டுவந்தான், அதே பின்தொடை, அதே நாற்றம். கொம்பில் தொங்கிய சீட்டில் அடேலா டுபே என்று இருந்தது. அவன் அம்மா. எண்பத்துநாலு வயது, முதியோர் இல்லத்தில் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. அவள் போர்வையை மார்லீன்தான் துவைக்கிறாள். நான் போனை எடுத்து, உன் அம்மாவையே கூப்பிட்டு மான் எப்படி விழுந்தது என்று கேட்கட்டுமா என்றேன். அவன் மானைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வீட்டிலேயே ரம்பத்தால் அறுத்தானாம். ஐரீனுக்கு வயசாகிவிட்டது, புத்தி கெட்டுவிட்டது என்று இப்போது பாரில் சொல்கிறான். சொல்லட்டும்.

ஆனால் அந்த மாதிரி போனை எடுக்க எனக்குத் தோன்றுவதற்கு அந்த அக்டோபர் வியாழக்கிழமை வேண்டியிருந்தது.

அன்று வெர்ன் போன பிறகும் நான் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவி, நோட்டை எடுத்து, நீலப் பேனாவைத் திறந்து, தேதியை எழுதினேன். பெயர் எழுதுமுன் மார்லீன் கையை நீட்டினாள். "நான் எழுதறேன்" என்றாள். பாரமான கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். மார்லீன் டுபே. பிறகு சீட்டு எண்.

எழுதி முடித்தவள் நோட்டை மூடவில்லை. முந்தின பக்கத்தைப் புரட்டினாள். பிறகு அதற்கு முந்தின வருஷம். விரலால் பெயர் வரிசையில் இறங்கிக்கொண்டே போனாள். மார்லீன் டுபே, நவம்பர். மார்லீன் டுபே, நவம்பர். பழைய நோட்டுகள் அலமாரியில் இருப்பது அவளுக்குத் தெரியும், அதையும் எடுத்தாள். பதினான்கும் என் கையெழுத்து. என் நீல மை, என் சாய்ந்த எழுத்து, ஒன்றில் பெயருக்குப் பக்கத்தில் நான் வேடிக்கையாக ஒரு சின்னக் கொம்புகூட வரைந்திருந்தேன். என் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. துணியை மடிப்பதுபோல் ஒவ்வொரு நோட்டாக மூடி அடுக்கினாள்.

"ஊர்ல எல்லாரும் சிரிச்சப்போ நீ சிரிக்கலேன்னு நெனச்சிருந்தேன் ஐரீன்" என்றாள். "இத்தனை தடவை என் பேர எழுதறப்போ, நீயாவது ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம்."

மார்லீன் கழுவி வைத்த கத்தியை நான் எடுத்து மறுபடி கழுவினேன்.  அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, அந்த மூன்று இலை வில்லைக் கையுறையோடு எடுத்துக் காரில் வைத்தாள். கறி எப்போது தயாராகும் என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன்.